மூக்காயியின் நீலச் சேலை

மூக்காயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வந்த கடிதத்தில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். சேவுகன் வாசித்து முடித்ததும் காகிதத்தை எட்டிப் பார்த்து, "அம்புட்டுத்தானா? அடியில என்னமோ கிறுக்கியிருக்கே, அது என்ன தம்பி?" என்பாள்.

"அது கையெழுத்துக்கா."

"அதையும் வாசி."

"ஆண்டிச்சாமி" என்று அவன் வாசித்த பிறகுதான் கடிதத்தைக் கையில் வாங்குவாள். வாங்கியதை நாலாக மடித்து, மஞ்சள் கிழங்கு போட்டுவைக்கும் தகர டப்பாவில் செருகுவாள். பூச்சி அரிக்காது என்பது அவள் கணக்கு. மலாயாவிலிருந்து ஐந்து வருஷமாக வந்த கடிதங்களெல்லாம் அந்த டப்பாவுக்குள் ஓரம் மஞ்சளாகிக் கிடந்தன.

ஆலங்குடிக்குத் தெற்கே மூன்று மைலில் அவர்கள் ஊர். கல்யாணமான மூன்றாம் வருஷம் ஆண்டிச்சாமி நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்குப் போனான். அன்றிலிருந்து மூக்காயி தனி வீடு, தனி உலை. ஒரு பசு வைத்திருந்தாள். கூரை வேய்வதற்குத் தானே முன்னால் நின்று ஆள் வைத்தாள். மழை இல்லாத மாதங்களில் கடலை உடைக்கும் கொட்டகைக்குப் போனாள். இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கடலை உடைக்கும் அந்த இடத்தில், அவள் விரலுக்கு ஈடுகொடுக்க யாராலும் முடியவில்லை. பருப்பு உடையாமல், தோல் கிழியாமல் அவள் முன்னால் குவிந்துகொண்டே இருக்கும். பேச்சும் அப்படித்தான். ஒரு சொல்கூட உடைந்து விழாது.

சேவுகனுக்கு அவள் உறவு இல்லை, அடுத்த வீட்டுக்காரி. அவன்தான் அந்தத் தெருவில் முதன்முதலாக பி.ஏ. தேறியவன். திருச்சியில் படித்துவிட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அனுப்பிய மனுக்களுக்கெல்லாம் இடம் காலி இல்லை என்றே பதில் வந்தது. கடைசியில் புதுக்கோட்டையில் இன்னாசி என்பவர் தம்முடைய ஸ்டுடியோ மாடியில் நடத்திய போட்டோ வகுப்பில் சேர்ந்தான். அப்பா ரெங்கசாமிக்கு அது பிடிக்கவில்லை. "பி.ஏ. படிச்ச புள்ள பெட்டியத் தூக்கிக்கிட்டு அலையுது" என்று மாட்டிடம் சொல்வார். மகனிடம் சொல்ல மாட்டார். அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று சேவுகனுக்கே தெரியவில்லை. தனக்கு வேலை தேவையா, அல்லது தன்னை யாராவது படித்தவன் என்று மதிக்க வேண்டும் என்பதுதான் தேவையா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசிப்பான். ஊர் வந்துவிடும், விடை வராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் வருஷம், தை மாதம். வகுப்பு முடியும் தறுவாயில் இன்னாசி கடைசி வேலையைச் சொன்னார்.

"ஸ்டுடியோவுக்கு வெளிய ஒரு ஆளப் புடிக்கணும். அவங்க புழங்குற எடத்துல. கறுப்பு கறுப்பா இருக்கணும், வெள்ளை வெள்ளையா இருக்கணும், நடுவுல உள்ளது நடுவுல இருக்கணும். பிளேட்டு, பிரிண்டு, ரெண்டும் என் மேசைக்கு அடுத்த சனிக்கெழம வரணும். சண்டை நடக்குது, கப்பல்ல சரக்கு வரல. ஆளுக்கு ரெண்டே பிளேட்டு. மூணாவது கேட்டு வராதீங்க."

தேறினால் சான்றிதழ். அதற்கு மேல், சித்தன்னவாசலில் படமெடுக்க அவருக்கு ஒரு வேலை வந்திருந்தது. முதலில் வருபவனை உதவிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார்.

யாரை எடுப்பது என்று சேவுகன் தேட வேண்டியிருக்கவில்லை. முந்தின மாதம்தான் கோட்டைப்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் பினாங்கிலிருந்து திரும்பும்போது ஆண்டிச்சாமி கொடுத்தனுப்பிய சேலையைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். வான நீலம், ஓரத்தில் மெல்லிய வெள்ளிச் சரிகை. கூடவே கடிதம்: இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, முகம் மறந்துவிடும்போல் இருக்கிறது.

"மொகம் மறந்துருமாம்ல" என்று மூக்காயி மூன்று நாள் திட்டிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள், "தம்பி, ஒன் பெட்டியில என்னைய எடுப்பியா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேவுகன் ஸ்டுடியோவின் மரக் கேமராவைக் கொட்டகை வாசலில் முக்காலியில் ஏற்றினான். மூக்காயி தலைக்குக் குளித்து, முகத்துக்கும் கழுத்துக்கும் மஞ்சளை அள்ளிப் பூசி, நெற்றியில் காசளவு குங்குமம் வைத்து, நீலச் சேலையில் வந்து நின்றாள். தாலிக்கயிறு, எப்போதும்போல, சேலைக்கு உள்ளே இருந்தது.

"அடி ஆத்தீ" என்றாள் பக்கத்தில் கடலை உடைக்கும் அழகம்மாள். "போட்டோ போகுதா, நீயே போறியா மலாயாவுக்கு?"

"நீ கடலைய ஒடை. பருப்பெல்லாம் ரெண்டாப் போகுது."

அவள் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேவுகன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த மூக்காயியைப் பார்த்தான். லென்ஸின் மூடியைக் கழற்றி, அரை நொடியில் மாட்டினான். வேலை முடிந்தது.

செவ்வாய்க்கிழமை பிளேட்டைக் கழுவிப் பிரிண்டும் போட்டான். கூர்மையில் குறை இல்லை. கடலைத் தோலின் வரிகூடத் தெரிந்தது. ஈரம் காயுமுன்பே இன்னாசியிடம் காட்டினான். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. வெள்ளை வெள்ளையா இருக்கு. நீ தேறிட்டேன்னு வச்சுக்க." பிறகு குரலைத் தணித்து, "பாவம், சின்ன வயசு. இந்தம்மாவுக்குப் புருஷன் எப்பத் தவறுனாரு?" என்றார்.

சேவுகன் அப்போதுதான் படத்தைப் பார்த்தான். அதுவரை அவன் பார்த்தது கூர்மையை. நீலச் சேலை வெள்ளைவெளேர் என்று இருந்தது. சரிகையும் அந்த வெள்ளையில் கரைந்துபோயிருந்தது. மஞ்சள் பூசிய முகம் கருத்து, அந்தக் கருப்பில் குங்குமமும் மறைந்து, நெற்றி வெறிச்சென்று கிடந்தது. கழுத்தில் கயிறு தெரியவில்லை.

இந்த பிளேட் நீலத்தை வெள்ளையாகவும் மஞ்சளையும் சிவப்பையும் கருப்பாகவும் பார்க்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. மூன்றாம் வாரத்துப் பாடம் அது. நோட்டில் அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தான். இன்னாசி கேட்டபோது தடங்கலில்லாமல் ஒப்பித்தும் இருந்தான். நீலச் சேலையும் மஞ்சள் முகமும் குங்குமமுமாக ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாடம் அவனுக்கு நினைவே வரவில்லை. இதைத்தான் திருச்சியில் நான்கு வருஷம் படித்தோமா என்று நினைத்தபோது காது சூடேறியது.

"புருஷன் இருக்காருங்க. மலாயாவுல. அவருக்கு அனுப்பத்தான் எடுத்தேன்."

இன்னாசி படத்தைக் கீழே வைத்தார். "அனுப்பிராதே. வேற சேலை கட்டச் சொல்லி இன்னொன்னு எடு."

"இந்தச் சேலையத்தான் அவரு பாக்கணுங்குறாரு."

"அப்ப லென்ஸுக்கு முன்னால மஞ்சக் கண்ணாடி வேணும். என்கிட்ட இருந்தது போன வருஷம் ஒடைஞ்சு போச்சு. மெட்ராஸுக்கு எழுதிப் போட்டேன், இல்லைன்னுட்டான்." சற்று யோசித்து, "வகுப்புக்கு இதுவே போதும் சேவுகா. இது பரீட்சை. அது அவங்க குடும்ப விஷயம்" என்றார்.

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆலங்குடி பஸ்ஸில் போகும்போது, படம் சரியாக வரவில்லை என்று மட்டும் மூக்காயியிடம் சொல்லிவிடலாம் என்று சேவுகன் முடிவு செய்தான். ஆனால் கொட்டகை வாசலில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்த வேகத்தைப் பார்த்ததும் பொய் சொல்ல வாய் வரவில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

மூக்காயி பார்த்தாள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த அழகம்மாள், எதற்கும் ஏதாவது சொல்கிறவள், ஒன்றும் சொல்லாமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அவுக செத்துப்போனா நான் எப்புடி இருப்பேன்னு முன்கூட்டியே எடுத்துட்டியா தம்பி?"

"அக்கா, அது பிளேட்டோட குத்தம். இல்லை, என் குத்தம். நீலம் அதுக்கு வெள்ளையாத்தான் தெரியும். மஞ்சள் கறுப்பாத் தெரியும்."

"கறுப்பு என்னோடதுதான், இருந்துட்டுப் போகுது. இந்த வெள்ளை யாரோடது?" படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. "இதுக்கு வழியே இல்லையா?" என்று கேட்டாள்.

"மஞ்சக் கண்ணாடி வழியாப் பாத்து எடுத்தா நீலம் அடங்கிரும். மஞ்சளும் தெளிஞ்சுரும். அந்தக் கண்ணாடிதான் எங்கயும் கெடைக்கல."

"மஞ்சளா கெடைக்கல?" என்றாள் மூக்காயி. அந்தக் கேள்வியில் அவளுக்கே உரிய பழைய துடுக்கு திரும்பியிருந்தது. "வாடா இங்கிட்டு."

வீட்டுக்குப் போய் தகர டப்பாவைத் திறந்தாள். கடிதங்களை ஒதுக்கிவிட்டு மஞ்சள் கிழங்கை எடுத்து இடித்தாள். ஆண்டிச்சாமி விட்டுப்போன பழைய வேட்டியை இரண்டாக மடித்துச் சலித்தாள். வீட்டில் கிடந்த கண்ணாடித் துண்டில் தூளைக் குழைத்துப் பூசிப் பார்த்தார்கள். திட்டுத் திட்டாக நின்றது. அதன் வழியே எதிர்ச்சுவர்கூடத் தெரியவில்லை.

"வழவழன்னு இருக்குறதுல சாயம் எப்புடி நிக்கும்?" என்றாள். "நூலுல நிக்கும், துணியில நிக்கும். குடிக்கிறதுக்கு அதுக்கு ஏதாச்சும் வேணும்ல?"

அதைக் கேட்டதும் சேவுகனுக்குச் சுரீர் என்றது. சாயத்தைக் குடிக்கும் கண்ணாடி அவனிடம் இருந்தது. போட்டோ பிளேட் என்பதே கண்ணாடி மேல் ஏற்றிய மெல்லிய பசை. தண்ணீரில் போட்டால் ஊறி உப்பும். அந்தப் பசையில் உருவம் எதுவும் இல்லாமல் இருந்தால் மஞ்சள் சாயம் அதில் ஒரே சீராக ஏறும்.

ஆனால் அவனிடம் இருந்தது இரண்டே பிளேட். ஒன்று இன்னும் எடுக்காதது. அதைச் சாயத்தில் போட்டால் படமெடுக்க வேறு இல்லை. இன்னொன்று மூக்காயி வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருக்கும் பிளேட். அதில்தான் அவன் தேறியிருந்தான்.

மஞ்சள் தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தபோது மூக்காயிக்கு இது எதுவும் தெரியாது. அவனும் சொல்லவில்லை.

புதன்கிழமை ஸ்டுடியோவின் இருட்டறையில் சேவுகன் தனியாக நின்றான். உருவம் அளவுக்கு மீறி அடர்ந்துபோன பிளேட்டைக் குறைப்பதற்கு ஒரு கரைசல் உண்டு. அதிக நேரம் விட்டால் உருவமே போய்விடும். வகுப்பில் ஒருவனுக்கு அப்படிப் போயிருந்தது. பிளேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தன்னையே கேட்டான். இதை அவளுக்காகச் செய்கிறேனா? அல்லது, செய்த தப்பை யாரும் பார்க்காமல் அழித்துவிட ஆசைப்படுகிறேனா? இரண்டும் இருந்தது. எது அதிகம் என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. பிளேட்டைக் கரைசலில் விட்டான். முதலில் கடலைக் குவியல் மங்கியது. பிறகு முகம். அடர்ந்து கிடந்த சேலை கடைசி வரைக்கும் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் கரைந்து, பசை மட்டும் மிஞ்சிய வெறும் கண்ணாடி கையில் வந்தது.

வெளியே வந்து இன்னாசியிடம் காட்டினான். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கெடுத்துட்டியா?"

"அழிச்சுட்டேங்க."

அவர் அலமாரியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். "சரிபாதி தண்ணி கல. வெந்நியில ஊத்திராதே, பசை உருகிரும்" என்று மட்டும் சொன்னார்.

வேட்டியில் சலித்த மஞ்சள் ஸ்பிரிட்டில் கரைந்தது. வடிகட்டிய சாயத்தில் பிளேட் ஊறி, நல்ல எலுமிச்சம்பழ நிறத்தில் காய்ந்தது. ஓர் ஓரத்தில் கடுகளவு மஞ்சள் துகள் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. சேவுகன் லென்ஸ் அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டான்; அந்தத் துகளும் அதன் ஓரத்தில் வந்துவிட்டது.

ஸ்டுடியோவில் இருந்த ஒரே கேமராவை மாணவர்கள் முறைவைத்து எடுத்துப்போனார்கள்; வியாழக்கிழமை வகுப்புத் தோழன் சவரியப்பனுடைய முறை. அவனிடம் போய் நின்றபோது சேவுகனுக்குக் கூச்சமாக இருந்தது. இருவருக்கும் நடுவில் போட்டி இருந்தது வெளிப்படை. சவரியப்பன் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்க சித்திக்கும் வீட்டுக்காரரு ரங்கூன்லதான் இருக்காரு. கொண்டு போ, நான் வெள்ளிக்கெழம எடுத்துக்கறேன்" என்றான். அவ்வளவுதான். சேவுகன் வழியில் சொல்ல ஒத்திகை பார்த்துவைத்திருந்த நியாயங்கள் எதுவும் தேவைப்படவில்லை.

கொட்டகை வாசலில் மூக்காயி மறுபடி நீலச் சேலையில் உட்கார்ந்தாள். கண்ணாடித் துண்டை அவளிடம் கொடுத்தான். அவள் அதைக் கண்ணருகே வைத்துத் தன் முந்தானையைப் பார்த்தாள்.

"இருண்டு போச்சே."

"அதுதான்கா வேணும்."

அவள் திருப்பிக் கொடுத்த கண்ணாடியை அவன் லென்ஸில் பொருத்தினான். அவள் யாரையும் பார்க்காமல், சேலைக்குள்ளிருந்த தாலிக்கயிற்றை வெளியே எடுத்து நெஞ்சின் மேல் நேராகப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இந்தத் தடவை வெளிச்சம் கொஞ்சமாத்தான் உள்ள போகும். நான் நாலு எண்ணுற வரைக்கும் அசையக் கூடாது. மூச்சும் விடாம இரு."

"நாலுதானே. அஞ்சு வருஷம் அசையாம இருந்தவதானே நான்."

அழகம்மாள் கொட்டகைக்குள் திரும்பி, "எல்லாரும் கைய நிப்பாட்டுங்கடி" என்று அதட்டினாள். இருபது பேரும் கடலை உடைப்பதை நிறுத்தினார்கள். கூலி வேலையில் யாரும் அப்படிக் கையை நிறுத்துவதில்லை. அவன் லென்ஸின் மூடியைக் கழற்றி எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. மூக்காயி விரல்களுக்கிடையே உடையாத கடலை ஒன்றைப் பிடித்தபடி, கண்ணைக்கூட இமைக்காமல் இருந்தாள். நான்கு.

மூடியை மாட்டிய பிறகும் கொஞ்ச நேரம் யாரும் கையை அசைக்கவில்லை. "ஆச்சு" என்று அவன் சொன்ன பிறகுதான் மூக்காயி மூச்சை விட்டாள். வேறு பிளேட் கிடையாது என்பது அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பிளேட்டைக் கழுவி உலர்த்தி, சனிக்கிழமை காலை பிரிண்ட் போட்டான். தட்டில் தண்ணீருக்கடியில் கிடந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சேலை சாம்பலும் கருப்புமாக அடங்கியிருந்தது; அதன் ஓரத்தில் சரிகை ஒரு வெள்ளிக் கோடாக ஓடியது. முகம் தெளிந்திருந்தது. நெற்றியில் குங்குமம் கறுப்பாக, வட்டமாக. நெஞ்சில் தாலிக்கயிறு வெளிறித் துலக்கமாகத் தெரிந்தது. முதல் படத்தின் கூர்மை இதில் இல்லை. வலது மூலையில், மஞ்சள் துகள் இருந்த பக்கம், ஒரு மங்கல் விழுந்திருந்தது.

இன்னாசி அந்த மங்கலைத்தான் முதலில் தொட்டுக் காட்டினார். "இதுக்கு மார்க் கொறையும்."

"சரிங்க."

"மொத படத்தக் குடுத்திருந்தா நீதான் முதல்ல வந்திருப்ப."

"தெரியுங்க."

அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். "கறுப்பு கறுப்பா இருக்கு. நடுவுல உள்ளது நடுவுல இருக்கு" என்றார். "இன்னொரு பிரதி போடு. நல்ல தாளா எடுத்துக்க."

சேவுகன் தேறினான். முதலில் வந்தவன் சவரியப்பன். இன்னாசியுடன் சித்தன்னவாசலுக்குப் போனவனும் அவன்தான். பஸ் ஏற்றிவிடப் போனபோது, கொஞ்சமாவது பொறாமை இருக்கிறதா என்று சேவுகன் தனக்குள் தேடினான். இருந்தது, கடுகளவு. மற்றதெல்லாம் நன்றியாக இருந்தது. ஒரு நாளை விட்டுக்கொடுத்தவன், ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து வைத்தவர், நான்கு நொடி கையை நிறுத்திய இருபது பெண்கள். ஒரே ஒரு படம் முடிய இத்தனை பேர் வேண்டியிருந்ததா என்று நினைத்தபோது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்லூரியில் பரீட்சைகளையெல்லாம் அவன் தனியாகவே எழுதியிருந்தான். அல்லது, அப்படி நினைத்துக்கொண்டிருந்தான். கடலைக் கொல்லையில் அப்பா குனிந்து நின்ற வருஷங்களை அவன் அதில் சேர்த்ததே இல்லை.

படத்தைக் கையில் வாங்கிய மூக்காயி முதலில் சேலையைப் பார்த்தாள், பிறகு கயிற்றை, கடைசியாக முகத்தை. "நான் இப்புடியா இருக்கேன்?" என்றாள்.

"இப்புடித்தான் இருக்க. வெறச்சுப் போய்" என்றாள் அழகம்மாள்.

முதல் படத்தை என்ன செய்தாள் என்று சேவுகன் கேட்டான். "அன்னைக்கே அடுப்புல போட்டேன்" என்றாள். பிளேட்டையும் அழித்துவிட்டதாக அப்போதுதான் அவளிடம் சொன்னான். அதில்தான் மஞ்சள் ஏற்றியது என்பதையும் சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நன்றி என்று ஒரு சொல் அவர்கள் தெருவில் யாரும் நேருக்கு நேர் சொல்லிக்கொள்வதில்லை. உள்ளே போய், கறந்து வைத்திருந்த பாலில் பாதியைச் செம்பில் ஊற்றிக் கொண்டுவந்து, "ஆத்தாகிட்டக் குடு" என்றாள்.

கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். சேவுகன் வழக்கம்போல, 'அன்புள்ள கணவருக்கு, இவ்விடம் அனைவரும் க்ஷேமம்' என்று தொடங்கினான்.

"என்ன எழுதுற?"

வாசித்தான்.

"நான் அப்புடியா சொன்னேன்?"

அவன் பேனாவை நிறுத்தினான். ஊருக்குத் திரும்பிய இந்த ஒன்றரை வருஷமாக அவள் சொன்னதையெல்லாம் அவன் இப்படித்தான் புத்தகத் தமிழாக மாற்றி அனுப்பியிருந்தான். அழகாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு. ஆண்டிச்சாமி முகம் மறந்துவிடும்போல் இருக்கிறது என்று எழுதியதில் தன் பங்கு எவ்வளவு என்று அவனுக்கு உறைத்தது. காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எடுத்தான்.

"நீ சொல்லுக்கா. சொல்றத அப்புடியே எழுதுறேன்."

மூக்காயி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மொகம் மறந்துருச்சுன்னா இதப் பாத்துக்கங்க. சேலை நல்லாருக்கு. எளச்சுப் போயிட்டேன்னு நெனைக்க வேணாம், மூச்சப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். பசு கன்னு போட்டுருக்கு, கெடேரி. வாரது எப்ப?"

பங்குனிக் கடைசியில் பதில் வந்தது. சேவுகன் கொட்டகைக்கே கொண்டுபோய் வாசித்தான்; அழகம்மாள் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். படத்தில் நிறம் தெரியாவிட்டாலும் சரிகையைப் பார்த்து அதே சேலைதான் என்று கண்டுகொண்டதாக ஆண்டிச்சாமி எழுதியிருந்தான். தோட்டத்தில் எல்லோரும் பார்த்தார்களாம். எந்த நேரமும் பேசிக்கொண்டிருப்பவள் எப்படி இப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள் என்று அவனுக்கு நம்ப முடியவில்லையாம். ஆனால் இந்தத் தடவை கடிதத்தை, தோட்டத்தில் தனக்குக் கடிதம் எழுதித் தருபவரை வாசிக்கச் சொன்னபோது அவள் குரலே கேட்டதாம். சண்டை ஓய்ந்ததும் வந்துவிடுவதாக முடித்திருந்தான்.

கொட்டகை முழுவதும் சிரித்தது. மூக்காயி சிரிக்கவில்லை. குனிந்து இரண்டு மூன்று கடலையை உடைத்தாள். பருப்பு ஒன்று இரண்டாகப் போனது. அழகம்மாள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

"அம்புட்டுத்தானா?" என்றாள் மூக்காயி, நிமிராமலே.

"கையெழுத்து இருக்குக்கா."

"அத வாசி."